அம்மம்மாவின் அம்மம்மா யாருடைய மகள்?

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நாங்கள் இருவரும் சகோதரிகள். ஒருவர் வெள்ளவத்தையிலும் மற்றவர் கொட்டாஞ்சேனையிலும் வசிக்கிறோம். முன்னோரைத் தேடுவது பற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டபோது, ஒரேயொரு பெண்ணைப் பற்றிப் பேசுவது என்று தீர்மானித்தோம். அவர் எங்கள் அம்மம்மாவின் அம்மம்மா. வீட்டில் அவருக்கு 'உடுவில் ஆச்சி' என்றே பெயர். அவர் யாருடைய மகள் என்பதுதான் எமது கேள்வி.

நம்மவர் பெரும்பாலோரிடம் பரம்பரைப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்தே பிள்ளையின் பெயருக்கு முன்னால் வரும். பெண்ணுக்குக் கலியாணமானதும் அந்த எழுத்தும் போய், 'திருமதி இன்னார்' ஆகிவிடுகிறார். தகப்பன் பெயர் இப்படி மறைந்துவிடும். தாயின் பெயரோ முதலிலிருந்தே பெயரோடு சேர்வதில்லை.

அரசாங்கப் பதிவும் ஓரளவுதான் உதவும். இலங்கையில் பிறப்பு இறப்புப் பதிவு 1867இல் தொடங்கியது, 1897இலேயே கட்டாயமாயிற்று. உடுவில் ஆச்சி 1850களின் தொடக்கத்தில் பிறந்தவர். அவருக்குப் பிறப்பத்தாட்சிப் பத்திரம் என்ற ஒன்று இருந்ததேயில்லை.

அவர் படித்த உடுவில் பெண்கள் பாடசாலையை 1824இல் தொடக்கியவர் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியற் வின்சிலோ அம்மையார். பின்னர் எலைசா அக்னியூ அம்மையார் 1840 முதல் ஏறத்தாழ நாற்பது வருடங்கள் அங்கே படிப்பித்தார். அக்காலத்து மிஷன் விடுதிகளில் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளையின் செலவுக்குப் பணம் அனுப்பும் அமெரிக்க உபகாரியின் பெயரையோ, அவர் விரும்பிக் கேட்ட பெயரையோ அந்தப் பிள்ளைக்கு இடுவார்கள். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை என்ற பெயர்களெல்லாம் இந்த வழியில் வந்தவையே. சிதம்பரப்பிள்ளையின் மகனும் நெவின்ஸ் செல்வத்துரை என்றே அறியப்பட்டார். ஆகவே 'நெவின்ஸ்' என்றொரு பாட்டனாரைத் தேடிப் போகிறவருக்கு யாழ்ப்பாணத்தில் ஒருவரும் அகப்படமாட்டார்.

உடுவில் ஆச்சிக்கும் அப்படியொரு பெயர் இருந்தது. ஞானஸ்நானப் பதிவில் அந்தப் பெயரும் தேதியும் இருந்தன. பெற்றோர் பெயர் இல்லை.

அடுத்து அந்தியேட்டி நினைவு மலர்களைப் பார்த்தோம். நம் வீடுகளில் முப்பத்தோராம் நாள் வெளியிடும் கல்வெட்டுகளில் வம்சாவழி அச்சிடுவது வழமையல்லவா? எங்கள் உறவினர் ஒருவரின் மலரில், உடுவில் ஆச்சியின் தகப்பன் என்று ஒருவருடைய பெயர் இருந்தது. எங்கள் பெரியம்மா சொல்லிவந்த பெயரோ வேறு. எதை நம்புவது?

விடை கிடைத்த இடம் சீதன உறுதி.

ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டளவில், எழுத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமையைப் பற்றி உங்களுக்குத் தெரியும். முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று அது சொத்தைப் பிரிக்கிறது. தாயின் சீதனக் காணி மகளுக்குச் சீதனமாகப் போவதே வழமை. ஆகவே உறுதிகளில் பெண்ணின் பெயர், அவர் தாயின் பெயர், தாய்க்கு அந்தக் காணி எப்படி வந்தது என்ற விபரம் எல்லாம் எழுதப்படுகின்றன. வம்சாவழிப் படத்தில் பெண்கள் விடுபட்டுப் போகலாம். காணி உறுதியில் விடுபட்டால் உரித்தே நிற்காது. ஒருவரும் மறந்துபோகாதபடி நொத்தாரிசு அதை எழுதிவிடுவார்.

எங்கள் அம்மாவின் சீதன உறுதி 1983 ஆடியில் வெள்ளவத்தை வீட்டோடு எரிந்துபோயிற்று. ஆனால் உறுதி எழுதும் நொத்தாரிசு ஒரு படியைத் தம்மிடம் வைத்து, இன்னொன்றைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். காணியின் பெயரையும் கிராமத்தையும் அம்மா ஒரு பழைய கொப்பியில் எழுதி வைத்திருந்தார். அதைக்கொண்டு 1949இல் எழுதிய உறுதியின் பிரதியைப் பெற்றோம். அதில் அம்மம்மாவின் உறுதி இலக்கமும் தேதியும் நொத்தாரிசின் பெயரும் இருந்தன. அங்கிருந்து அவர் தாயின் உறுதிக்கும், அதிலிருந்து 1870களில் உடுவில் ஆச்சிக்கு எழுதிய உறுதிக்கும் போனோம். நான்கு உறுதிகள், நான்கு பெண்கள், ஒரே காணி.

அந்தக் கடைசி உறுதியில் தகப்பனும் தாயும் சேர்ந்து மகளுக்குச் சீதனம் எழுதுகிறார்கள். தகப்பன் பெயர் பெரியம்மா சொன்ன பெயர். நினைவு மலரில் தகப்பன் என்று போட்டிருந்தவரின் பெயரும் அங்கே இருந்தது, சாட்சியாக. எல்லை விபரத்தைப் பார்த்ததும் காரியம் விளங்கியது. மேற்கு எல்லைக் காணி அவருடையது. தாயின் சகோதரன் என்றும் குறித்திருந்தது. அவர் தாய்மாமன். பிள்ளையை வளர்த்துப் படிப்பித்தவரைப் பின்வந்தவர்கள் தகப்பனாக்கிவிட்டார்கள். அதைவிடப் பெரிய சந்தோஷம், அந்தக் காணி தாய்க்கு அவருடைய தாயிடமிருந்து சீதனமாக வந்தது என்ற ஒரு வரி. 1800களின் தொடக்கத்தில் பிறந்திருக்கக்கூடிய ஒரு பெண்ணின் பெயரை முதன்முதலாக வாசித்தோம்.

இது வெறும் ஆசைக்காகச் செய்கிற வேலை என்று நினைக்க வேண்டாம். கொட்டாஞ்சேனையில் எங்கள் அயலவர் பலர் இந்திய வம்சாவழியினர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, முன்னரே இங்கு பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரசையாக ஏற்கப்பட, தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும். அல்லது தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். பதிவு கட்டாயமாகாத காலத்துப் பாட்டனாருக்குப் பத்திரம் எங்கே எடுப்பது? ஒரு கடுதாசி இல்லாமையால் இலட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். முறைப்படி மணம்செய்த பெற்றோரின் பிள்ளையென்றால், தாய் எங்கே பிறந்தார் என்று அந்தச் சட்டம் கேட்கவேயில்லை. தாய்வழியாகவும் பிள்ளைக்குக் குடியுரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டுத் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தேடத் தொடங்குபவர்களுக்குச் சில வார்த்தைகள். தெரிந்த ஆளிலிருந்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னே போங்கள். றங்குப்பெட்டியிலுள்ள உறுதி, கலியாணப் பதிவு, கல்வெட்டு எதையும் வீசாதீர்கள். கத்தோலிக்கக் குடும்பத்தவர் ஞானஸ்நானப் பதிவில் ஞானப் பெற்றோரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். பலவேளை அவர்கள் மாமனோ சித்தியோதான். ஒல்லாந்தர் காலத் தோம்புகள் கொழும்பு 7இலுள்ள தேசிய சுவடிகள் காப்பகத்தில் உள்ளன. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் நினைவு மலர்கள் பலவற்றை வீட்டிலிருந்தே வாசிக்கலாம். வாய்வழிச் செய்தி ஒன்றை எழுதும்போது, சொன்னவர் யார், எப்போது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

இறுதியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். எமது கல்லூரிச் சேர்விடாப்பில் தகப்பன் அல்லது பாதுகாவலர் பெயருக்கு ஒரு நிரல் இருக்கிறது. நூறு வயதான இந்தச் சங்கம் தனக்கென்று ஓர் ஏட்டைத் திறக்கட்டும். அதில் ஒவ்வொரு பழைய மாணவியும் தன் தாய், அம்மம்மா, அம்மம்மாவின் தாய் ஆகிய மூவரின் பெயரையும் ஊரையும் எழுதட்டும். இன்று இந்த மண்டபத்தில் எண்பது வயதைத் தாண்டிய அக்காமார் பலர் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்த பெயர்கள் உங்களோடு போய்விடக்கூடாது. வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் பேரப்பிள்ளைகளே, தேநீர் வேளையில் அவர்கள் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து கேளுங்கள்.