கர்ப்பமும் சாஸ்திரமும்

(தென்காசியில் பேசியது)



கருக்கலைப்பைப் பற்றிச் சாஸ்திரங்கள் என்ன சொல்லுகின்றன என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம். சாஸ்திரத்தை நம்பாத உங்களுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். அது புஸ்தகத்தோடு நின்றுவிட்டால் நமக்கு ஒரு வேலையும் இல்லைதான். ஆனால் அது சட்டசபைக்குள்ளும், நீதிஸ்தலத்துக்குள்ளும் புகுந்து, ஒரு பெண்ணின் சரீரத்தின் மேல் அதிகாரம் செலுத்த வரும்போது நாம் எப்படிச் சும்மா இருக்க முடியும்?

முதலில் உங்கள் ஊர்ப்பக்கத்துக் கதையையே எடுத்துக்கொள்ளுவோம். குற்றாலத்துக் கோயிலில் முன்பு நின்றுகொண்டிருந்தது விஷ்ணு என்றும், அகஸ்தியர் தலையில் கைவைத்து அமுக்கி லிங்கமாக்கிவிட்டார் என்றும் தலபுராணம் கூறுகின்றது. நடந்ததா இல்லையா என்பது கிடக்கட்டும். அமுக்குகிற கைக்குத் தகுந்தபடி ஒரே கல் விஷ்ணுவாகவும் ஆகும், சிவனாகவும் ஆகும் என்று அக்கதையே ஒப்புக்கொள்ளுகின்றதல்லவா? வேத வாக்கியங்களின் யோக்கியதையும் இதுவேயாகும்.

1890-ம் வருஷம் கல்கத்தாவில் புல்மோனி என்னும் பத்துப் பதினொரு வயதுச் சிறுமி, புருஷனுடைய பலாத்காரத்தால் இரத்தம் பெருகிச் செத்தாள். பிறகு, சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்த மசோதா வந்தது. உடனே வைதிகர்கள், பெண் ருதுவானதும் கர்ப்பாதானம் செய்தாக வேண்டும், தவறினால் பாவம் என்று சாஸ்திரத்தைக் காட்டினார்கள். பெரிய சமஸ்கிருத பண்டிதராகிய பண்டாரகரோ, அதே சாஸ்திரங்களைக் கொண்டே அதை மறுத்தார். இரு கட்சியார் கையிலும் இருந்தது ஒரே சாஸ்திரந்தான். கடைசியில், 1891-ல் வழக்கைத் தீர்த்தது சுலோகமா? இல்லை, சட்டந்தான்.

இது இந்து மதத்துக்கு மாத்திரம் உள்ள வியாதி என்று நினைத்துவிடாதீர்கள். கிறிஸ்தவர் வேதத்தில் யாத்திராகமம் 21-ம் அதிகாரத்தில், சண்டை போடுகிறவர்களால் ஒரு கர்ப்பவதி அடிபட்டால் என்ன தண்டனை என்று கூறப்பட்டிருக்கின்றது. அங்கே சொல்லப்படுவது கருச்சிதைவு, அதற்கு அபராதம் மாத்திரமே, ஆகையால் கரு முழு மனிதனுக்குச் சமமல்ல என்பது ஒரு சாராரின் வாதம். இல்லை, அது குறைமாதத்தில் உயிரோடு பிறந்த பிள்ளை, அதற்குச் சேதம் வந்தால் உயிருக்கு உயிர் என்பது மற்றொரு சாராரின் வாதம். அமெரிக்காவின் தென்பகுதிப் பாப்டிஸ்டு சபையார் 1971-ல் பலாத்காரம், தாயின் தேக மன நலம் முதலிய காரணங்களுக்குக் கருக்கலைப்பை அனுமதிக்கலாம் என்று தீர்மானம் போட்டார்கள். அவர்களே 1980-ல், தாயின் உயிரைக் காப்பாற்ற அன்றி மற்றபடி அதைத் தடுக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். இந்த ஒன்பது வருஷத்தில் பைபிளில் ஓர் எழுத்தாவது மாறிற்றா? மாறினது அரசியலே. 1973-ல் அந்நாட்டுப் பெண்கள் பெற்ற உரிமையை 2022-ம் வருஷம் ஜூன் 24-ல் அவர்களுடைய சுப்ரீம் கோர்ட்டே எடுத்துவிட்டது.

நம் நாட்டில் 1971-ல் வந்த கருக்கலைப்புச் சட்டம் எந்த சுலோகத்தையும் கேட்டுக்கொண்டு வரவில்லை. கள்ளத்தனமாய்க் கருவைக் கலைக்கப் போய்ப் பெண்கள் சாவதைக் கண்டு வந்தது. 2022-ம் வருஷம் செப்டம்பர் 29-ல் சுப்ரீம் கோர்ட்டு, விவாகமாகாத பெண்ணுக்கும் 24 வாரம் வரை அந்தச் சட்டத்தின் பயன் உண்டென்று தீர்ப்பளித்தது. சந்தோஷந்தான். ஆனால் இன்றும் அச்சட்டம் கேட்பது டாக்டரின் அபிப்பிராயத்தையே. 'எனக்கு வேண்டாம்' என்று பெண் சொல்லுவது மாத்திரம் போதாது.

நமக்கு அனுகூலமான சுலோகம் ஒன்று கிடைத்தால் அதைக் காட்டி ஜெயிக்கலாமே என்று நம்மவர்களிலேயே சிலர் சொல்லுகிறார்கள். அதுதான் மோசம். ஒரு சுலோகத்தால் கிடைத்த உரிமையை நாளைக்கு வேறொரு சுலோகம் பிடுங்கிக்கொள்ளும். சாரல் காலத்தில் பேரருவியில் வெள்ளம் பெருகினால், குளிக்கிறவன் பஞ்சாங்கத்தைப் பார்த்தா விலகுகிறான்? தண்ணீரைப் பார்த்தல்லவா விலகுகிறான்!

ஆகவே தோழர்களே, இந்த விஷயத்தில் வேதம் என்ன சொல்லுகின்றது என்று யாராவது கேட்டால், சுமக்கிறவள் என்ன சொல்லுகிறாள் என்று திருப்பிக் கேளுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகிறோம்.