தாகத்தை அடக்கப் பழகிய பிள்ளைகள்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தண்ணீரும் உடல்நலமும் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்துள்ளனர். தண்ணீர் குடிப்பதற்கும் ஒரு சொற்பொழிவா எனச் சிலர் நகைக்கலாம். நம் பிள்ளைகளுக்கு அது தேவை என்றே கருதுகிறோம்.

மனித உடலின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு நீரே. குருதியோட்டத்திற்கும், வியர்வையால் உடற்சூடு தணிவதற்கும், சிறுநீரகம் கழிவை வெளியேற்றுவதற்கும் அந்நீரே துணை. அது சற்றுக் குறைந்தாலும் தலைவலியும் சோர்வும் கவனச் சிதறலும் தோன்றும். பிற்பகல் வகுப்பில் துவண்டு கிடக்கும் மாணவனை மந்தன் என்று ஏசுகிறோம். காலையிலிருந்து ஒரு குவளை நீரேனும் பருகினானா என்று கேட்பதில்லை. ஆசிரியராகிய நம்மையும் சேர்த்தே சொல்லுகிறோம்.

அவன் ஏன் பருகுவதில்லை? அதற்கொரு வரலாறு உண்டு. அண்ணல் அம்பேத்கர் சாத்தாராவில் பயின்றபோது பள்ளிக் குழாயைத் தொடக் கூடாது. பணியாள் வந்து திறந்தால்தான் தண்ணீர். 1901ஆம் ஆண்டில் தந்தையாரைக் காண மாட்டுவண்டியில் சென்ற இரவில், கட்டுச்சோறு நிறைய இருந்தும் குடிநீர் கிடையாமையால் அவரும் உடன்வந்த சிறுவர்களும் பசியோடு உறங்கினர். அச்சிறுவரே வளர்ந்து, 1927 மார்ச் 20 அன்று, ஆயிரக்கணக்கானோருடன் மகத் நகரின் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகினார். பொதுக் கிணறும் குளமும் எவருக்கும் மறுக்கப்படலாகாது என அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு கூறுகிறது. கூறியும் என்ன? 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்ததை நாடறியும்.

நாமும் சிறுவயதில், மேலிருந்து ஒருவர் ஊற்றக் கைகுவித்துப் பருகியவர்களே. ஊற்றுவோர் முகம் சுளித்த நாளில் தாகமில்லை என்று சொல்லிவிடுவோம். சொல்லிச் சொல்லி அதுவே பழக்கமாயிற்று. இன்றும் கூட்டங்களில் வைத்த தண்ணீரை நாம் கடைசியாகத்தான் எடுக்கிறோம்!

நம் பெண்மக்கள் நிலையோ இன்னும் கொடிது. கழிவறை தூய்மையாக இல்லையென்று, காலை முதல் மாலைவரை ஒரு மிடறும் பருகாத மாணவியரை நாம் அறிவோம். சிறுநீர்த் தொற்றும் கல்லடைப்பும் இவ்வழியே வந்து சேரும். ஆகவே, நல்ல கழிவறையைக் கேட்டுப் பெறாமல், தண்ணீர் குடி என்று அறிவுரை கூறுவதில் பயனில்லை.

தாய்மார்கள் ஒன்றைக் கவனிக்கலாம். பிள்ளையின் சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் நலம். அடர்ந்த மஞ்சளானால் நீர் போதவில்லை. வயிற்றுப்போக்குக் கண்டால், கொதித்தாறிய 1 லிட்டர் நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து, கரைத்துச் சிறிது சிறிதாகப் புகட்டுக; தாய்ப்பாலை நிறுத்தற்க. வெயிலில் களையெடுப்போரும் சூளையில் உழைப்போரும் தாகம் எடுக்குமுன்பே குடித்தல் நன்று. சிறுநீரக, இதய நோயுடையோர் மட்டும் மருத்துவர் கூறும் அளவைக் கடைப்பிடிக்க.

கேரளப் பள்ளிகளில் 2019ஆம் ஆண்டு தண்ணீர் குடிப்பதற்கென்றே மணியடிக்கும் வழக்கம் தொடங்கியது. நம் சங்கத்தின் மாலை வகுப்பிலும் அவ்வாறு மணியடிக்க வேண்டுகிறோம். மூடியிட்ட இரு பானைகளும், நீண்ட பிடியுள்ள அகப்பையும், ஆளுக்கொரு குவளையும் போதும். எவரும் எவருக்கும் ஊற்ற வேண்டாம்; பிள்ளைகள் தாமே மொண்டு குடிக்கட்டும். பானைகளை நாம் வாங்கித் தருகிறோம்.