எலும்பு சொன்னதும் நாம் நினைத்ததும்
(பாலர் வகுப்பு ஆசிரியரும் இளைஞரும் கூடிய அவையில் ஆற்றிய உரை)

 

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டுச் சிலர் நகைத்தல் கூடும். ஊவா மலைத்தோட்டத்துப் பிள்ளைக்கும், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மாண்டொழிந்த டைனோசருக்கும் என்ன சம்பந்தம்? எழுத்தும் எண்ணும் படிப்பிக்கவே நேரம் போதாதபோது இது எதற்கு? கேள்வி நியாயமானதே. நாம் கூறும் விடை இது: டைனோசரைப் பற்றிப் பாலர்க்குச் சொல்வது ஒரு விலங்கின் பெயரை மனப்பாடம் செய்விக்க அன்று, “இது நமக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்கப் பழக்குவதற்கே ஆகும். எந்த மனிதனும் உயிரோடு கண்டிராத பிராணி அது. கல்லாய்ப்போன எலும்பும், பல்லும், காலடித் தடமும், முட்டையும் சொன்னவற்றைக் கொண்டே அதனை அறிகின்றோம்.

பிள்ளைகளுக்கு நூறு பெயர் வேண்டாம், ஒன்று போதும். நம் அயலிலேயே அதற்குத் தகுந்த ஒன்று உண்டு. இந்தியாவில் கோதாவரிப் பள்ளத்தாக்கில், 1961ஆம் ஆண்டில், 1.7 மீற்றருக்கு மேல் நீளமுள்ள ஒரு தொடை எலும்பு அகப்பட்டது. ஓர் ஆளின் உயரம்! அங்கு வேலைசெய்தோர் அதனைப் “பெரிய கால்” என்று பொருள்படும் பெயராலேயே குறிப்பிடலாயினர். அவ்வாண்டு மகாகவி தாகூரின் நூற்றாண்டு. ஆகவே, 1975இல் விஞ்ஞான முறைப்படி பெயரிட்டபோது “பாராபாசோரஸ் தாகோரி” என்றே வைத்தனர். கால் பெரிது என்பதும், கவியின் நினைவும் ஒரே பெயரில் அமைந்தன. எலும்புகளைப் பொருத்தி நிறுத்திய உருவம் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் இருக்கின்றது.

இதன் நீளம் ஏறக்குறைய 14 மீற்றர், அதாவது 46 அடி என மதிப்பிட்டுள்ளனர். இலக்கத்தைச் சொன்னால் நாலு வயதுப் பிள்ளைக்கு விளங்காது. 46 அடிக் கயிறொன்றை எடுத்து, லயத்து வாசல் நெடுகப் பிடியுங்கள். காம்பரா ஒன்று பத்தடி அகலமானால், நான்கு காம்பராவைக் கடந்து ஐந்தாவது வீட்டு வாசலிலும் வால் கிடக்கும். பிள்ளைகளைக் கயிற்றின் மேல் வரிசையாக நிற்கச் செய்து எண்ணச் சொல்லுங்கள். எண்ணும் அளவும் அங்கேயே வந்துவிடும்.

காலத்தைச் சொல்வது இன்னும் கடினம். ஏறக்குறைய 18 கோடி ஆண்டு என்பது நமக்கே பிடிபடாதது. “பாட்டிக்குப் பாட்டியும் பிறக்காத காலம், மனிதர் ஒருவருமே இல்லாத காலம், மலையில் ஒரு தேயிலைச் செடியும் இல்லாத காலம்” என்று சொன்னால் போதும். அக்காலத்தில் புல் இல்லை. ஊசியிலை மரங்களும் பன்னங்களுமே மிகுதி. நம் தேயிலை மலைக் கான் ஓரத்தில் வளரும் பன்னத்தில் ஓர் இலையைப் பறித்துவந்து, “இதன் மூதாதையர் அன்றும் இருந்தனர்” என்று கையில் கொடுங்கள். படத்தில் விலங்கின் காலடியில் பிள்ளை புல்லும் ரோசாப்பூவும் வரையப் போனால், கண்டியாமல், பன்னத்தைக் காட்டுங்கள்.

இனி வர்ணந் தீட்டும் வேலைக்கு வருவோம். பாராபாசோரஸின் எலும்புகளிற் பெரும்பாலானவை கிடைத்தன. மண்டையோடு மட்டும் கிடைக்கவில்லை. சில பற்களே கிடைத்தன. அப்பற்களின் வடிவைக் கொண்டு அது தழையுண்ணி என்கின்றனர். ஆகவே நாம் வரைந்து கொடுக்கும் தாளில் உடலையும் காலையும் வாலையும் முழுக்கோட்டாலும், தலையைப் புள்ளிக்கோட்டாலும் வரைதல் வேண்டும். “கோடு போட்ட இடம் எலும்பு சொன்னது, புள்ளி போட்ட இடம் நாம் நினைத்தது.” இந்த ஒரு வாக்கியத்தைப் பிள்ளை மனங்கொண்டால் அன்றைய பாடம் முடிந்தது.

நிறமோ, அதன் எலும்பில் எழுதப்படவில்லை. சீன தேசத்தில் அகப்பட்ட சைனோசோரோப்டெரிக்ஸ் என்னும் சிறு டைனோசரின் இறகிழைகளில் நிறத்துணுக்குகளின் தடம் இருந்தமையால், அதன் வாலிற் செம்பழுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் இருந்தன என 2010இல் அறிவித்தனர். அத்தகைய சான்று சிலவற்றுக்கே உண்டு. பாராபாசோரஸுக்கு இல்லை. எனவே ஒரு பிள்ளை ஊதா பூசினால் “பிழை” என்று சொல்ல நமக்கு அதிகாரமில்லை. “ஏன் இந்த நிறம்?” என்று மட்டும் கேளுங்கள். “இலைக்குள்ளே ஒளிய” என்று பச்சை பூசியவள் சொல்வாள். அதுவே சிந்தனை. ஆனால் ஐந்து கால் போட்டால் விடாதீர்கள். எலும்பைக் காட்டித் திருத்துங்கள். எது சுதந்திரம், எது உண்மை என்னும் எல்லை அங்கே பிள்ளைக்குப் புலனாகும்.

வர்ணப்பெட்டி வாங்கப் பணமில்லையே என்று கலங்க வேண்டாம். மஞ்சள், அடுப்புக்கரி, செம்மண், இலைச்சாறு ஆகியன எந்த லயத்திலும் உண்டு. பழைய நாட்காட்டியின் பின்புறம் நல்ல வெள்ளைத்தாள்.

பிள்ளைகள் இரண்டு கேள்விகளை நிச்சயம் கேட்பர். முதலாவது, “கோயில் தூணில் இருக்கிற யாளியா இது?” என்பது. யாளி சிற்பியின் உள்ளத்தில் உதித்தது; டைனோசர் எலும்பிலிருந்து அறியப்பட்டது. இரண்டும் அழகே; ஆயின் இரண்டும் ஒன்றல்ல என்று சொல்லுங்கள். இரண்டாவது, “நமுனுகுல மலையைத் தோண்டினால் வருமா?” என்பது. வராது. நம் மலைப்பாறைகள் டைனோசருக்கு வெகுகாலம் முன்பே, 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், பூமியின் ஆழத்து வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியவை. புத்தளத்துக்கு அண்மையில் தப்போவப் பகுதியிலோ டைனோசர் காலத்து இலைகளின் பதிவுகள் கல்லில் உண்டு.

எலும்பு எவ்வாறு மண்ணுள் மூடுண்டது என்று விளக்கும்போது ஆசிரியைமார் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். 2014இல் மீரியபெத்தையில் மண்சரிந்ததை நம் மாவட்டம் மறக்கவில்லை. மலை சரிந்தது என்று சொல்லாமல், ஆற்று வண்டல் சிறிது சிறிதாகப் படிந்ததைச் சொல்லுங்கள். ஒரு போத்தலில் மண்ணும் நீரும் கலக்கிவைத்துக் காட்டுங்கள்.

நம் முன்னோர் பலர் புறப்பட்டுவந்த திருச்சிராப்பள்ளிச் சீமையிலும் இதற்கொரு பாடம் உண்டு. முன்னர் அம்மாவட்டத்தில் அடங்கியிருந்த அரியலூர்ப் பகுதியிற் கிடைத்த பேருடல் விலங்கொன்றுக்கு, யாதகிரி, அய்யாசாமி என்னும் இரு புவியியலார் 1987இல் பிருகத்காயோசோரஸ் எனப் பெயரிட்டனர். அதன் கீழ்க்கால் எலும்பு மட்டுமே 2 மீற்றர். முதலில் ஊனுண்ணி என்றனர். பின்னர் தழையுண்ணி என்று கொண்டனர். அவ்வெலும்புகளோ பொடிந்து அழிந்தன. எஞ்சிய படங்களைக் கொண்டே 2022இல் மீண்டும் ஆராய்ந்தனர். அயலிலுள்ள பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தில், 2020இல், உருண்டைக் கற்களைக் கண்டு “டைனோசர் முட்டை” என்று ஊரெல்லாம் பேசிற்று. அறிந்தோர் வந்து பார்த்து, முட்டையல்ல, பண்டைக் கடற்படிவில் உருண்டு திரண்ட கல் என்றனர். உருண்டையெல்லாம் முட்டையாகா.

அன்பர்களே! சொன்னதை நம்பு, எழுதியதைப் பார்த்தெழுது என்னும் படிப்பையே நம் தோட்டத்துப் பிள்ளைகள் நெடுங்காலம் பெற்றுவந்தனர். “எப்படித் தெரியும்?” என்று ஐந்து வயதிற் கேட்கப் பழகிய பிள்ளை, இருபது வயதில் தன் பெயருக்கு எத்தனை கிலோ கொழுந்து பதியப்பட்டது, எத்தனை நாள் பேர் விழுந்தது, கையொப்பமிடச் சொல்லும் தாளில் என்ன எழுதியுள்ளது என்றும் கேட்கும். பணிவோடு கேட்கும், சான்றோடு கேட்கும். விலங்கின் பெயர் மறந்தால் மறக்கட்டும். இந்தப் பழக்கம் நிலைத்தால் போதும்.

இளைஞர்களிடம் நாம் வேண்டுவது பெரிதன்று. ஞாயிறு தோறும் ஒரு மணி நேரம், ஒரு கயிறு, சில தாள், ஒரு பிடி மஞ்சள். உங்கள் தோட்டத்துப் பிள்ளை மடுவத்திலிருந்தே தொடங்குங்கள்.