வாளா? வாய்க்காலா?

(ஸ்ரீமுஷ்ணம் பட்டிமன்றத்தில் 'ராஜேந்திர சோழன் புகழுக்குப் பெரிதும் காரணம் நல்லாட்சியே' என்ற அணியில் பேசியது)



எதிரணி நண்பர் கங்கை கொண்டான், கடாரம் கொண்டான்னு அடுக்கினார். அவர் கையை வீசின வேகத்தைப் பார்த்தா, 1025-லே கப்பலேறிப் போனதே அவர்தானோன்னு சந்தேகம் வந்திடுச்சு! (சிரிப்பு)

வெற்றியை நாங்க மறுக்கலை. 1014 முதல் 1044 வரை ஆண்டவன் ராஜேந்திரன். ஆனா நடுவர் அவர்களே, கங்கை கொண்டவன் கங்கைக்கரைக்குப் போகவே இல்லை! தளபதி கொண்டுவந்த கங்கை நீரைக் கோதாவரிக் கரையிலே வாங்கிக்கிட்டான் என்கிறது திருவாலங்காட்டுச் செப்பேடு.

வாங்கினவன் என்ன செய்தான்? கங்கைகொண்ட சோழபுரத்திலே சோழகங்கம் என்ற ஏரியை வெட்டினான். நீராலே ஆன வெற்றித்தூண் என்று அதைச் செப்பேடு வர்ணிக்குது. ஐயா, கல்லிலே தூண் நட்டா காக்கா உட்காரும். ஏரி வெட்டினா ஊரே உட்கார்ந்து சாப்பிடும்! (பலத்த கைதட்டல்)

கடாரம் இன்னைக்கு மலேசியாவிலே கெடா. ராஜேந்திரனே போனாலும் பாஸ்போர்ட் கேட்பாங்க! (சிரிப்பு) பக்கத்திலே இருக்கிற வீராணத்தைப் பாருங்க. அவன் முன்னோன் முதலாம் பராந்தகன் காலத்து ஏரி. பராந்தகனும் மதுரை கொண்டவன்தான். 949-லே தக்கோலத்திலே மகன் ராஜாதித்தனைப் பறிகொடுத்தான். பிடிச்ச நாடெல்லாம் கைவிட்டுப் போச்சு, ஏரி போகலை. 2004 முதல் சென்னைக்கும் குடிதண்ணி கொடுக்குது.

இன்னொண்ணு சொல்றேன். 1836-லே கொள்ளிடத்திலே அணைக்கரை அணை கட்டினபோது, கங்கைகொண்ட சோழபுரம் கோயில் மதிற்கல்லைப் பெயர்த்துக்கிட்டுப் போனாங்க. கேட்டா நெஞ்சு வலிக்குது. ஆனா அந்த அணையிலேயிருந்துதான் வடவாறு வழியா வீராணத்துக்குத் தண்ணி வருது. எதிரியைத் தடுக்க எழுப்பின மதில், ஆற்றைத் தடுத்து நம்ம வயலுக்குத் திருப்பப் போச்சு!

ராஜேந்திரன் பேரைச் சொல்லி மீசை முறுக்கறவங்களைக் கேட்கிறேன். உங்க ஊர் ஏரி எத்தனை அடி தூர்ந்து கிடக்கு? வரத்து வாய்க்கால்லே யார் வீடு நிக்குது? (கைதட்டல்) அவன் வாளை நம்மாலே தூக்க முடியாது. மண்வெட்டியைத் தூக்கலாமே!

எனவே, வென்ற நிலம் கைமாறும், வெட்டிய ஏரிதான் தலைமுறைக்கும் சோறு போடும் என்று கூறி, எங்கள் அணிக்கே தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.