மன்னன் இல்லாத மேடை



இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி ஆறு பெண்களை மணந்தார். அந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால், ஆறு பேருக்கும் என்ன நேர்ந்தது என்பதை எதுகையோடு ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவார்கள். யாரை விலக்கினார், யார் தலையை வெட்டினார், யார் பிழைத்தார் என்ற கணக்கு அது. ஆளுக்கு ஒரு சொல். மக்கள் நினைவில் அந்த அரசியர் அந்த ஒற்றைச் சொல்லாகவே தங்கிவிட்டார்கள்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த டோபி மார்லோவும் லூசி மாஸும் இந்தக் கணக்கையே எடுத்து 'சிக்ஸ்' என்ற இசை நாடகமாக்கினார்கள். 2017இல் எடின்பரோ ஃப்ரிஞ்ச் விழாவில் அது அரங்கேறியது. ஆறு அரசியரும் ஒரு பாப் குழுவாக வருகிறார்கள். யார் அதிகம் துன்பப்பட்டாரோ அவரே குழுத் தலைவி என்று போட்டி வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பாட்டில் தன் கதையைச் சொல்கிறார்கள். வாத்தியக் குழுவினர் நால்வரும் பெண்கள். ஹென்றி மேடைக்கு வருவதே இல்லை. 2018இல் பாடல்கள் தொகுப்பாக வெளிவந்தன. நாடகத்தைப் பார்க்காதவர்களும் அவற்றைக் கேட்கத் தொடங்கினார்கள்.

இளையோருக்காகச் சரித்திரத்துக்குப் பாப் உடை மாட்டியிருக்கிறார்கள் என்று சிலர் இதை ஒதுக்குகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. திரும்பத் திரும்ப வரும் பல்லவி, 'நான்' என்று தொடங்கும் குரல், உடனே மனதில் ஒட்டிக்கொள்ளும் மெட்டு ஆகிய பாப் இசையின் கருவிகளே இங்கே வரலாற்றைச் சிந்திக்கின்றன. இதற்குச் சான்று காத்தரின் ஹாவர்ட் பாடும் 'ஆல் யூ வான்னா டூ'.

ஹாவர்ட் ஐந்தாம் மனைவி. பிறந்த ஆண்டுகூட உறுதியாகத் தெரியாது. தாத்தாவின் இரண்டாம் மனைவியான நார்ஃபோக் சீமாட்டியின் வீட்டில் வளர்ந்தார். அங்கே அவருக்கு இசை கற்பிக்க வந்த ஹென்றி மானக்ஸ் அவரிடம் அத்துமீறினான். அடுத்து அதே வீட்டில் இருந்த பிரான்சிஸ் டெரம். 1540 ஜூலை 28 அன்று மன்னரோடு திருமணம். மன்னருக்கு அப்போது 49 வயது, அரசிக்கு இருபதைக்கூட எட்டாத வயது என்பதே பலரின் கணிப்பு. பிறகு மன்னரின் அந்தரங்கப் பணியாளர் தாமஸ் கல்பெப்பர். 1541 இறுதியில் இந்த உறவுகள் குறித்து விசாரணை வந்தது. 1542 பிப்ரவரி 13 அன்று லண்டன் கோபுரத்தில் தலை வெட்டப்பட்டது. அவருடைய இளமை பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்த விசாரணை ஏடுகளிலிருந்து வந்ததுதான். குற்றம் தேடியவர்கள் கேட்ட கேள்விகளுக்குக் கிடைத்த பதில்கள் அவை.

பாட்டில் இந்த நான்கு ஆண்கள், நான்கு சுற்றுகள். முதல் சுற்று பிரிட்னி ஸ்பியர்ஸ், அரியானா கிராண்டே பாணியில் துள்ளலும் குறும்புமாகப் போகிறது. கேட்பவர் கால் தாளம் போடும். ஒவ்வொரு சுற்றிலும் இவனாவது வேறு மாதிரி இருப்பான் என்ற நம்பிக்கை எழுகிறது. உடனே அதே பல்லவி வந்து அதை அடித்துவிடுகிறது. மெட்டு மாறுவதில்லை. குரல்தான் மாறுகிறது. முதல் பதிவில் பாடிய ஏமி அட்கின்சன் கடைசிச் சுற்றுக்கு வரும்போது மூச்சு திணறி, சொற்கள் உடைந்து, அது பாட்டு என்ற நிலையையே தாண்டிவிடுகிறது. ஆரம்பத்தில் கூடவே முணுமுணுத்த நாமும் அந்தச் சிறுமியை ரசித்தவர்களின் வரிசையில் நின்றிருந்தோம் என்பது அப்போதுதான் உறைக்கிறது. இதை உரைநடையில் எழுதும் வரலாற்றாசிரியர் எத்தனை பக்கம் எடுத்துக்கொண்டாலும், வாசகரை இப்படி உடந்தையாக்க முடியுமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

எல்லாப் பாட்டும் இந்த உயரத்தைத் தொடவில்லை. இரண்டாம் மனைவி ஆன் பொலினை விளையாட்டுப் பெண்ணாகவே காட்டியது எனக்கு வருத்தம். தடைசெய்யப்பட்ட சமயச் சீர்திருத்த நூல்களைப் படித்தவர் அவர். டிண்டேல் ஆங்கிலத்தில் பெயர்த்த புதிய ஏற்பாட்டின் அவருடைய பிரதி இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. முதல் மனைவி ஆரகன் காத்தரின், தன்னை விலக்க முயன்ற மன்னர் முன் 1529இல் பிளாக்ஃபிரையர்ஸ் நீதிமன்றத்தில் மண்டியிட்டு முறையிட்டவர். விலக மறுத்த அந்த உறுதிக்கு 'நோ வே' பாட்டில் பியான்சேயின் மிடுக்கு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் 1513இல் மன்னர் பிரான்சில் போரிட்டபோது நாட்டை ஆண்டவரும் அவரே. ஃபிளாடன் போரில் ஸ்காட்லாந்து மன்னர் வீழ்ந்தது அவருடைய பொறுப்புக் காலத்தில்தான். பாட்டு அதைத் தொடவே இல்லை. துன்பத்தை மட்டுமே எடைபோடும் போட்டியில் வெற்றிக்கு இடமில்லாமல் போனது.

இந்தக் குறையை நாடகமே உணர்ந்திருக்கிறது. கடைசியாக வரும் காத்தரின் பார் போட்டியில் சேர மறுத்து, மன்னரை நீக்கிவிட்டுத் தன்னைப் பற்றிச் சொல்கிறார். 1545இல் அவருடைய பிரார்த்தனை நூல் அச்சாயிற்று. தன் பெயரிலேயே நூல் வெளியிட்ட முதல் இங்கிலாந்து அரசி அவர்தான். அவர் பேச்சைக் கேட்டுப் போட்டியைக் கைவிடும் மற்ற அரசியர், தமக்கு வேறு வாழ்க்கை வாய்த்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்கிறார்கள். கற்பனை என்று சொல்லிவிட்டே அதைப் பாடுவதால், வரலாற்றை ஏமாற்றியதாக நான் கருதவில்லை.

இசை பயிலும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்நாடகத்துக்கு இரண்டு முக்கியப் பதிவுகள் உண்டு. பிராட்வேயில் தொடங்க வேண்டிய 2020 மார்ச் 12 அன்றே பெருந்தொற்றால் அரங்குகள் மூடப்பட்டன. 2021 அக்டோபர் 3 அன்று நடந்த தொடக்க இரவை நேரலையாகப் பதிந்து அடுத்த ஆண்டு வெளியிட்டார்கள். அதே ஆண்டில் சிறந்த இசைக்கான டோனி விருதும் கிடைத்தது. அந்தப் பதிவில் கூட்டத்தின் ஆரவாரமும் கலந்திருக்கிறது. நீங்கள் 2018ஆம் ஆண்டுப் பதிவை முதலில் கேளுங்கள். ஹாவர்ட் பாடும்போது அங்கே கைதட்ட ஒருவரும் இல்லை. தட்டுவதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்ய வேண்டியிருக்கும்.