பாறைக்கும் ஆற்றுக்கும் நடுவே தினான்

பிரான்சில் தோன்றி நெதர்லாந்து வழியாகக் கடலைச் சேரும் மியூஸ் ஆறு, பெல்ஜியத்தின் தென்பகுதியான வலோனியாவில் சுண்ணாம்புப் பாறைகளை அறுத்துக்கொண்டு ஆழமான பள்ளத்தாக்கு ஒன்றில் ஓடுகிறது. அப்பள்ளத்தாக்கில், செங்குத்தான பாறைச் சுவருக்கும் ஆற்று நீருக்கும் இடையே கிடைத்த ஒடுங்கிய நிலத்தில், ஆற்றுக்கு இணையாக ஓரிரு தெருக்களே செல்லக்கூடிய அகலத்தில் அமைந்திருக்கும் ஊரே தினான். பிரெஞ்சு மொழி வழங்கும் இவ்வூரின் மக்கள்தொகை, சுற்றியுள்ள கிராமங்களைச் சேர்த்தாலும், 15,000த்தைத் தாண்டாது. தலைநகர் பிரசல்ஸிலிருந்து நாமூர் வழியாக ரயிலில் வருவோர் இரண்டு மணி நேரத்துக்குள் இவ்வூரை அடையலாம். ஊருக்குப் பின்னே நிற்கும் பாறைகளின் வகையைக் கொண்டே, ஏறத்தாழ 35 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பாறையடுக்குகளுக்கு மேற்கு ஐரோப்பிய நிலவியலாளர்கள் ‘தினான்சியன்’ என்று பெயரிட்டனர்.

ரயில் நிலையம் ஆற்றின் இடக்கரையிலும் பழைய ஊர் வலக்கரையிலும் இருப்பதால், பாலத்தைக் கடந்துதான் ஊருக்குள் நுழைய வேண்டும். பாலத்தின் நடுவில் நின்றால் ஆறு, தேவாலயம், பாறை, அதன் உச்சியில் கோட்டை ஆகிய நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே பார்வையில் அமைகின்றன. பயணிகளில் பெரும்பாலோர் இக்காட்சியைப் படம் பிடித்துக்கொண்டு, மாலைக்குள் திரும்பிவிடுகின்றனர். அது இந்த ஊருக்குச் செய்யும் அநீதி என்றே சொல்ல வேண்டும்.

பாறையின் அடிவாரத்தை ஒட்டி எழும் அன்னை மரியாள் தேவாலயம், கூர்முனை வளைவுகளும் உயர்ந்த தூண்களும் கொண்ட கோதிக் பாணியில் 13ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. அதற்கு முன் அங்கிருந்த பழைய ஆலயம், மேலிருந்து சரிந்து விழுந்த பாறைகளால் இடிந்து, உள்ளே இருந்தவர்கள் பலரும் உயிரிழந்தனர். அத்தகைய பேரிடருக்குப் பிறகும் புதிய ஆலயத்தை அதே பாறையின் கீழேயே எழுப்பியதற்குப் பக்தி ஒரு காரணமாக இருக்கலாம். வேறு இடம் இல்லாமையும் ஒரு காரணமே. கோபுரத்தின் மேல் 16ஆம் நூற்றாண்டில் வைக்கப்பட்ட வெங்காய வடிவ முடி, ஆலயத்தின் மற்றப் பகுதிகளோடு பொருந்தாமல் தனித்து நிற்பதாலேயே ஊருக்கு அடையாளமாகிவிட்டது.

நடுக்காலத்தில் இவ்வூருக்குச் செல்வத்தைத் தந்தது பித்தளை. செம்போடு துத்தநாகம் கலந்தால் பித்தளை கிடைக்கும் என்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால் துத்தநாகத்தைத் தனி உலோகமாகப் பிரித்தெடுக்கும் வழி அக்கால ஐரோப்பியருக்குத் தெரியாது. எனவே கலமைன் எனப்படும் துத்தநாகத் தாதுவை இடித்துப் பொடியாக்கி, கரியோடும் செம்புத் துண்டுகளோடும் குகை எனப்படும் மூடிய மண்கலத்தில் இட்டுக் காய்ச்சினர். தாதுவிலிருந்து ஆவியாக எழும் துத்தநாகம் செம்புக்குள் ஊறிப் பித்தளையாகும். தினானைச் சுற்றிச் செம்புச் சுரங்கம் எதுவும் இல்லை. செம்பு ஜெர்மனியின் ஹார்ஸ் மலைப்பகுதி போன்ற தொலைவிடங்களிலிருந்து வந்தது. கலமைன் தாதுவும், குகைகளுக்கும் வார்ப்பு அச்சுகளுக்கும் வேண்டிய நல்ல களிமண்ணும் மியூஸ் வட்டாரத்திலேயே கிடைத்தன. சரக்கை ஏற்றிச் செல்ல ஆறு இருந்தது. இங்கு அடித்தும் வார்த்தும் செய்யப்பட்ட குடங்கள், தாம்பாளங்கள், மெழுகுவத்தித் தண்டுகள், விரித்த சிறகின்மேல் விவிலியத்தை வைத்து வாசிப்பதற்கான கழுகு வடிவத் தாங்கிகள் முதலியவை பல நாட்டுத் தேவாலயங்களுக்குச் சென்றன. இவ்வகைக் கலங்கள் எங்கே செய்யப்பட்டாலும் ‘தினாந்தெரி’ என்றே இன்றும் குறிக்கப்படுகின்றன. ஹான்சா என்ற வட ஐரோப்பிய வணிகர் கூட்டமைப்பின் சலுகைகளைப் பெற்று, இவ்வூர் வணிகர்கள் லண்டனில் நேரடியாக வாணிகம் செய்தனர்.

செல்வம் பகையையும் கொண்டுவந்தது. எதிர்க்கரையில், சற்றுத் தொலைவிலேயே உள்ள பூவீன் என்ற சிற்றூரும் அதே தொழிலைச் செய்தது. தினான் லியேஜ் நகர ஆயரின் ஆட்சிக்கு உட்பட்டது. அந்த ஆயர் சமயத் தலைவராகவும் அரசராகவும் விளங்கியவர். பூவீனோ நாமூர் பிரபுக்களிடமும், பின்னர் பர்கண்டிக் கோமகன்களிடமும் இருந்தது. தொழிற்போட்டியும் அரசியல் பகையும் ஒன்றாக முற்றிய நிலையில், 1466 ஆகஸ்டில் பர்கண்டிக் கோமகன் பிலிப்பும் அவர் மகன் சார்லஸும் தினானை முற்றுகையிட்டு, கொள்ளையடித்து, எரித்தனர். ஊர்மக்களில் 800 பேர் இருவர் இருவராகக் கட்டப்பட்டு ஆற்றில் தள்ளப்பட்டனர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. உயிர் தப்பிய கன்னார்கள் வேற்றூர்களுக்குச் சென்று தொழிலைத் தொடர்ந்தார்கள். ஊர் மீண்டும் எழுந்தது, ஆனால் பழைய பித்தளை வாணிகம் அதே அளவில் திரும்பவில்லை.

பாறை உச்சியில் 11ஆம் நூற்றாண்டிலேயே கோட்டை இருந்ததெனினும், இன்று காணப்படுவது நெப்போலியனின் வீழ்ச்சிக்குப் பின் இந்நிலப்பகுதி நெதர்லாந்து அரசோடு இணைந்திருந்த காலத்தில், 1821 வாக்கில், டச்சுக்காரர் கட்டி முடித்தது. ஆற்று மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்திலுள்ள இக்கோட்டைக்குச் செல்ல, பாறையில் வெட்டிய 408 படிகள் ஒரு வழி. கம்பிவட ஊர்தி மற்றொரு வழி. உள்ளே உள்ள காட்சியறைகளில் முதல் உலகப் போர்ப் பதுங்குகுழி ஒன்றைக் குண்டுவீச்சில் சாய்ந்த நிலையில் அமைத்திருக்கின்றனர். தளமும் சுவரும் ஒரே பக்கமாகச் சரிந்திருப்பதால் நடப்பவர் கைப்பிடியைத் தேட நேர்கிறது. மற்றப் பொம்மைக் காட்சிகளைவிடப் போரின் நிலைகுலைவை இந்த ஓர் அறையே நன்றாக உணர்த்துகிறது.

அந்தப் போரில் தினான் பட்டது மிகுதி. 1914 ஆகஸ்ட் 15 அன்று பிரெஞ்சு, ஜெர்மானியப் படைகள் பாலத்துக்காகவும் கோட்டைக்காகவும் மோதின. பிற்காலத்தில் பிரான்சின் அதிபரான சார்ல் தெ கோல், அன்று இளம் அதிகாரியாக அப்பாலத்தருகே காலில் குண்டடி பட்டார். ஆகஸ்ட் 23 அன்று ஊரைக் கைப்பற்றிய ஜெர்மானியப் படை, பொதுமக்கள் மறைந்திருந்து சுடுவதாக நம்பி, பெண்களும் கைக்குழந்தைகளும் உட்பட 674 பேரைக் கொன்று, ஏறத்தாழ 1,100 கட்டடங்களை அழித்தது. ஜெர்மனி இதற்கு முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2001இல்தான். ஊர் இவ்வாறு அழிந்ததால், ஆற்றோரத்தில் பழைமையான தோற்றத்தோடு வரிசையாக நிற்கும் வீடுகளுள் மிகப் பல, போருக்குப் பின் பழைய பாணியில் மீண்டும் கட்டப்பட்டவை என்பதைப் பயணிகள் நினைவில் கொள்வது நல்லது.

ஊரின் பெயரை உலகறியச் செய்தவர் அடோல்ஃப் சாக்ஸ். இசைக்கருவி செய்பவரின் மகனாக 1814இல் இங்கே பிறந்த அவர், தாம் கண்டுபிடித்த சாக்ஸபோனுக்கு 1846இல் பாரிசில் காப்புரிமை பெற்றார். உடல் பித்தளையாயினும், ஒற்றை நாணல் அதிர்ந்து ஒலி எழுப்புவதால், இசையியலார் அதை மரக்காற்றுக் கருவிகளின் வகுப்பிலேயே சேர்க்கின்றனர். இன்று சார்ல் தெ கோல் பெயரைத் தாங்கும் பாலத்தின் இரு பக்கமும், ஐரோப்பிய நாடுகளைக் குறிக்கும் வண்ணம் தீட்டிய பெரிய சாக்ஸபோன்கள் நிற்கின்றன. சாக்ஸ் பிறந்த தெருவில் சிறிய காட்சிக்கூடம் ஒன்றும் உண்டு. தென்கன்னடத்தில் பிறந்து, சென்னையில் கருநாடக இசை பயின்று, இக்கருவியில் கமகங்களை வாசித்துக் காட்டிய கத்ரி கோபால்நாத்தையும், 1994இல் வெளிவந்த ‘டூயட்’ படத்தில் ஒலித்த அவரது வாசிப்பையும் அறிந்தவர்களுக்கு இவ்வூர் அந்நியமாகத் தோன்றாது.

1152இல் நிறுவப்பட்ட லெஃப் துறவியர் மடம் ஊரின் வடபுறத்தில் உள்ளது. அதன் பெயர் தாங்கிய பியர் இப்போது வேறு நகரில் பெரும் ஆலையில் காய்ச்சப்படுகிறது. தெற்கே, கூர்மையான தூணாக நிற்கும் பயார் பாறை, வீரர் நால்வரைச் சுமந்த மாயக் குதிரையின் குளம்படியால் பிளந்தது என்பது கதை. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15 அன்று குளியல் தொட்டிகளைப் படகாக அலங்கரித்து ஆற்றில் ஓட்டும் போட்டியும் நடக்கிறது.

அரை நாள் மிச்சம் இருப்பவர்கள் கம்பிவட ஊர்தியில் மறுமுறை ஏறுவதைவிட, பழைய பகையூரான பூவீனுக்கு நடந்துபோய், நடுக்கால மியூஸ் பள்ளத்தாக்கின் வாழ்வையும் பித்தளைத் தொழிலையும் விளக்கும் அருங்காட்சியகத்தைப் பார்ப்பது பயனுள்ளது. ஊர் திரும்பும்போது வாங்கத் தக்கது ‘கூக்’ என்னும் அப்பம்: தண்ணீரோ புளிப்போ சேர்க்காமல் கோதுமை மாவையும் தேனையும் மட்டுமே பிசைந்து, பூவும் விலங்கும் செதுக்கிய மர அச்சில் அழுத்திச் சுடப்படுவது. நீண்ட நாள் கெடாத இந்த அப்பம் ஆறியபின் கல்லாகிவிடும் என்பதால், வாங்குவோர் நேரே கடிக்காமல் சிறு துண்டுகளாக உடைத்து, வாயில் ஊறவிட்டோ காப்பியில் நனைத்தோ உண்ண வேண்டும்.