வெங்காரம் என்னும் பெயரும் பிள்ளைகளின் ஸ்லைமும்

(பாடசாலை விடுமுறைக் காலத்தில் நூலகத்தில் நடைபெற்ற குடும்ப நிகழ்வில், நகரசபையின் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இன்று நாம் ஸ்லைம் என்னும் வழுவழுப்பான விளையாட்டுப் பொருளை வீட்டில் பாதுகாப்பாகச் செய்வது பற்றிப் பேசவிருக்கிறோம். நான் விஞ்ஞானியும் அல்லன், வைத்தியனும் அல்லன். சட்டம் பயின்று, பின்னர் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன். ஆகவே, நான் செய்த ஒரு பிழையிலிருந்தே இவ்வுரையைத் தொடங்க விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஸ்லைம் செய்யும் பெற்றோருக்கான எச்சரிக்கைக் குறிப்பொன்றைத் தமிழாக்கும் பணி எனக்கு வந்தது. அதில் 'போராக்ஸ்' என்ற சொல் பலமுறை இடம்பெற்றிருந்தது. நான் அதை அப்படியே தமிழ் எழுத்தில் 'போராக்ஸ்' என எழுதிக் கடமை முடிந்ததென்று இருந்துவிட்டேன். பின்னர் ஒரு கூட்டத்தில் அக்குறிப்பை வாசித்தபோது, பேரப்பிள்ளைகளைப் பகல் முழுவதும் பார்த்துக்கொள்ளும் அம்மம்மா ஒருவர் எழுந்து, "தம்பி, நீங்கள் சொல்லும் அந்தப் பொருள் என்ன?" என்று கேட்டார். "நகை செய்பவர்கள் பொன்னைப் பற்றவைக்கப் பயன்படுத்தும் வெங்காரம்தான், அம்மா" என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அது எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. சின்னவனுக்கு வாய்ப்புண் வந்தால் தேனில் குழைத்துத் தடவுவதற்கென்று ஊரிலிருந்து கொண்டுவந்தேன்" என்றார்.

எச்சரிக்கை அச்சிடப்பட்டிருந்தது; அவருடைய கைக்கும் வந்து சேர்ந்திருந்தது. ஆனால் அவர் அறிந்த பெயர் அதில் இல்லாமையால், அது அவரைச் சென்றடையவில்லை. அந்தத் தவறு என்னுடையது. இன்று அதைத் திருத்திக்கொள்கிறேன்: போராக்ஸ் என்பது வெங்காரம். வெங்காரம் பிள்ளைகளின் வாய்க்கும் ஆகாது. பிள்ளைகளின் விளையாட்டுக்கும் ஆகாது.

இவ்வழக்கத்திற்காக நம் மூத்தோரை எவரும் குறைகூற வேண்டியதில்லை. தேனும் வெங்காரமும் கலந்த மருந்து ஒரு காலத்தில் இந்த நாட்டின் மருந்தகங்களிலும் விற்கப்பட்டதே. குழந்தைகளின் சூப்பியில் அதைத் தடவிக் கொடுக்கும் வழக்கம் இங்கும் இருந்தது. அவ்வாறு கொடுக்கப்பட்ட ஏழு குழந்தைகளுக்கு வலிப்பு ஏற்பட்டதை 1983ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு மருத்துவக் கட்டுரை பதிவு செய்தது. மேலும், ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனையும் கொடுக்கலாகாது என்பது தேசிய சுகாதார சேவையின் அறிவுரை. வாய்ப்புண்ணுக்கு மருந்தாளரையோ குடும்ப வைத்தியரையோ நாடுங்கள்.

இனி ஸ்லைமுக்கு வருவோம். வெங்காரத்திற்கும் இவ்விளையாட்டுப் பொருளுக்கும் உள்ள தொடர்பு என்ன? 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாட்டெல் நிறுவனம், சிறிய பச்சைக் குப்பைத் தொட்டி வடிவிலான டப்பாவில் அடைத்து ஸ்லைமை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் முக்கிய மூலப்பொருள்கள் இரண்டு. ஒன்று கொத்தவரை விதையிலிருந்து எடுக்கப்படும் பசை. நாம் வறை செய்து உண்ணும் அதே கொத்தவரைதான். மற்றையது வெங்காரம்.

இன்று வீடுகளில் கொத்தவரைப் பசைக்குப் பதிலாக, பாடசாலைகளில் காகிதம் ஒட்டும் வெண்ணிறப் பிவிஏ பசையைப் பயன்படுத்துகின்றனர். அப்பசையின் மூலக்கூறுகளை அவித்த இடியப்ப இழைகள் போல நினைத்துக்கொள்ளுங்கள். நீண்ட இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்வதால் பசை திரவமாக ஓடுகிறது. வெங்காரக் கரைசலைச் சேர்த்தவுடன், அது ஓரிழையை மற்றோர் இழையுடன் ஆங்காங்கே முடிச்சிடுகிறது. அம்முடிச்சுகள் அவிழ்ந்தும் மீண்டும் விழுந்தும் கொண்டிருப்பதால், அக்கலவை இழுத்தால் நீள்கிறது. வைத்தால் மெல்லப் படர்கிறது. உடையிலோ கம்பளத்திலோ ஒட்டிய ஸ்லைமை வினிகர் கரைப்பதற்கும் இதுவே காரணம்: புளிப்பு அம்முடிச்சுகளை அவிழ்த்துவிடுகிறது.

வெங்காரத்திலுள்ள போரான் என்னும் மூலகமே கவலைக்குரியது. அது அளவுக்கு மிஞ்சி உடலுக்குள் சென்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு, வயிற்று வலி உண்டாகலாம். தோலும் கண்ணும் எரியலாம். கருவளத்தையும் கருவிலுள்ள சிசுவையும் பாதிக்கக்கூடிய பொருள் என்ற வகையில் அது ஐரோப்பியச் சட்டத்தில் சேர்க்கப்பட்டதால், 2010ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து இங்கு தூய வெங்காரத்தைப் பொதுமக்களுக்கு விற்பதில்லை. கடைகளில் 'போராக்ஸ் சப்ஸ்டிட்யூட்' என்று எழுதப்பட்ட பெட்டியைக் காண்பீர்கள். அது வெங்காரம் அன்று. சலவைக்கு உதவும் வேறொரு சோடா வகை. அதைக் கொண்டு ஸ்லைம் செய்ய முயன்றால் பசை திரளாது.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. பிள்ளைகள் பார்க்கும் காணொளிகள் பல அமெரிக்காவில் எடுக்கப்பட்டவை. அங்கே வெங்காரம் சாதாரணச் சலவைப் பொருளாக விற்கப்படுகிறது. இங்கே பெட்டி கிடைக்கவில்லை என்றதும், சிலர் இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கின்றனர். சிலர் ஊரிலிருந்து வந்த பொட்டலத்தை எடுக்கின்றனர். இரண்டையும் தவிர்க்குமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். கண்வில்லை கழுவும் திரவத்தையும் அப்பச்சோடாவையும் பசையுடன் சேர்க்கும் முறையும் உண்டு. அத்திரவத்திலும் பெரும்பாலும் போரான் சேர்ந்த பொருளே இருக்கும். அதனாலேயே பசை திரள்கிறது. அளவு குறைவு என்பது உண்மை. ஆயினும், திரளவில்லை என்று மேலும் மேலும் ஊற்றும்போது எவ்வளவு சேர்ந்தது என்பதைச் சமையலறையில் எவரும் அளப்பதில்லை.

கடையில் வாங்கும் ஸ்லைமுக்கு அளவு உண்டு. 2011ஆம் ஆண்டின் விளையாட்டுப் பொருள் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின்படி, ஸ்லைம் போன்ற ஒட்டும் பொருளிலிருந்து வெளியேறக்கூடிய போரான் ஒரு கிலோகிராமுக்கு 300 மில்லிகிராமைத் தாண்டலாகாது. எனினும், 2018ஆம் ஆண்டு ஜூலையில் 'விச்' என்னும் நுகர்வோர் அமைப்பு 11 ஸ்லைம் வகைகளைப் பரிசோதித்தபோது, அவற்றுள் 8 இவ்வரம்பை மீறியிருந்தன. ஆகவே வாங்கும்போது சிஇ அல்லது யுகேசிஏ குறியும், உற்பத்தியாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் உள்ளனவா என்று பாருங்கள். இவை இல்லாத பொருளை வாங்க வேண்டாம். சந்தேகத்துக்குரிய பொருளைக் கண்டால், 0808 223 1133 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு அறிவியுங்கள். அவர்கள் வர்த்தகத் தர அதிகாரிகளுக்கு அதனைத் தெரிவிப்பர்.

சட்டம் படித்தவன் என்ற முறையில் இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும். முதலாவது, அவ்வொழுங்குவிதிகள் எச்சரிக்கை வாசகங்கள் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்கின்றன. தமிழில் இருக்க வேண்டும் என்று கூறவில்லை. பகலில் பிள்ளைகளுடன் இருப்பவர் ஆங்கிலம் வாசிக்காதவராயின், வாசிக்கத் தெரிந்தவர் அதை அவருக்கு எடுத்துச் சொல்வது வீட்டின் கடமை. இரண்டாவது, அவ்விதிகள் சந்தைக்கு வரும் பொருளுக்கே பொருந்தும். உங்கள் சமையலறைக்குப் பரிசோதகர் எவரும் வரமாட்டார். அங்கே பரிசோதகர் நீங்களே. பிள்ளைகள் தாம் செய்த ஸ்லைமை வியாபாரமாக விற்கத் தொடங்கினால், சட்டமும் உடன் வந்து சேரும் என்பதையும் மறவாதீர்கள்.

அப்படியானால் பிள்ளைகளுக்கு இல்லை என்றே சொல்லிவிடுவதா? அவ்வாறு சொல்ல வேண்டிய தேவையே இல்லை. வெங்காரமும் பசையும் இன்றிச் செய்யத்தக்க இரண்டு முறைகளை இன்று செய்து பார்க்கப்போகிறோம்.

முதலாவது, சோளமா முறை. கடைகளில் கோர்ன் ஃப்ளவர் என விற்கப்படும் மெல்லிய வெண்மாவில் இரண்டு கோப்பை எடுத்து, ஒரு கோப்பை நீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கையால் குழைக்க வேண்டும். நிறம் வேண்டுமாயின் நீரில் ஒரு சிட்டிகை மஞ்சள் சேர்க்கலாம். ஆனால் மஞ்சள் கறை உடையில் நிலைக்கும். இக்கலவையை ஓங்கிக் குத்தினால் கல்லைப் போல இறுகும். கையைத் தளர விட்டால் பாலைப் போல ஒழுகும். வேகமாக அழுத்தும்போது மாத்துகள்கள் விலக நேரமின்றி ஒன்றோடொன்று நெருங்கி இறுகுவதே காரணம். விளையாடி முடிந்ததும் இதைக் கழுவு தொட்டியில் ஊற்ற வேண்டாம்; மா படிந்து குழாய் அடைபடும். உலரவிட்டுக் குப்பையில் இடுங்கள்.

இரண்டாவது, இசப்கோல் முறை. மலச்சிக்கலுக்குப் பெரியவர்கள் பயன்படுத்தும் இசப்கோல் உமியில் ஒரு தேக்கரண்டி எடுத்து, ஒரு கோப்பை நீரில் கலந்து, மெல்லிய தீயில் கிண்டிக்கொண்டே காய்ச்ச வேண்டும். சில நிமிடங்களில் அது தடித்த கூழாகும். அடுப்பு வேலை பெரியவர்களுக்கே உரியது. முற்றாக ஆறிய பின்னரே பிள்ளைகளின் கையில் கொடுக்க வேண்டும். உலர்ந்த உமி தொண்டையில் ஊதி அடைக்கக்கூடியது. அதன் தூசு ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. ஆகவே பொட்டலத்தைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

இவ்விரண்டும் சமையலறைப் பொருள்களால் ஆனவை என்பதால் உண்ணத்தக்கவை என்று கொள்ளலாகாது. மூன்று வயதுக்கு உட்பட்ட, எதையும் வாயில் வைக்கும் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம். தோலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் தவிர்க்கவும். விளையாடும் வரை ஒரு பெரியவர் அருகில் இருக்க வேண்டும். முடிந்ததும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். மீதியை அன்றே அப்புறப்படுத்த வேண்டும்.

எவ்வகை ஸ்லைமாயினும் கண்ணில் பட்டால் ஓடும் நீரில் நன்கு கழுவுங்கள். விழுங்கிவிட்டால் வாந்தியெடுக்க வைக்க வேண்டாம்; பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு 111ஐ அழையுங்கள். தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டுமெனக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 'தமிழ்' என்ற ஒரு சொல்லை ஆங்கிலம் தெரியாதவரும் சொல்லலாம். வலிப்பு, மூச்சுத் திணறல், மயக்கம் ஏற்பட்டால் தாமதியாது 999ஐ அழையுங்கள்.

முடிவாக ஒரு வேண்டுகோள். இன்று மேசையில் அமரும்போது, பிள்ளைகளுடன் தமிழிலேயே பேசுங்கள். பிசை, குழை, உருட்டு, நீட்டு, இறுகுகிறது, ஒழுகுகிறது என்னும் சொற்கள் புத்தகத்தில் படிப்பதைவிடக் கையில் மா ஒட்டியிருக்கும்போது எளிதில் பதியும். அவற்றோடு வெங்காரம் என்ற சொல்லையும் கற்றுக்கொடுங்கள். காணொளியில் 'போராக்ஸ்' என்று கேட்கும் பிள்ளை, "அம்மம்மா, இது வெங்காரம், நமக்கு வேண்டாம்" என்று சொல்லக்கூடியதாக இருந்தால், அதுவே போதும்.

அந்த அம்மம்மா மறு வாரமே பொட்டலத்தை மருந்தகத்தில் ஒப்படைத்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார். அதன் பின்னர் அக்குறிப்பின் அடுத்த பதிப்பில் 'வெங்காரம்' என்பதையே முதலில் எழுதினேன்.

வாருங்கள், கைகளைக் கழுவிக்கொண்டு தொடங்குவோம்.